பக்கத்து இலைக்குப் போகாத ஸ்தோத்திரம்

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைக்குப் போகிறவர்களுக்குச் 'சாட்சி நேரம்' தெரியும். பதினொரு மணி வாக்கில் பாட்டு ஓய்ந்ததும் ஐயர் மைக்கைக் கீழே அனுப்புவார். முதலில் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். தொண்டையைச் செருமுவார்கள், தூங்கிப்போன பிள்ளையை இந்த மடியிலிருந்து அந்த மடிக்கு மாற்றுவார்கள். ஒருவர் எழுந்துவிட்டால் போதும், பன்னிரண்டு மணி அடிக்கிறவரை மைக் திரும்பி வராது. மகனுக்கு வேலை கிடைத்தது, மகளுக்கு வரன் அமைந்தது, சர்க்கரை இறங்கியது, பத்திரம் பதிவானது, விசா வந்தது. எனக்கு அந்த ஒரு மணி நேரம் ரொம்பப் பிடிக்கும். ஒரு சபையின் நிஜமான சரித்திரம் சேகரக் கமிட்டியின் மினிட்ஸ் புத்தகத்தில் இல்லை, அந்த மைக்கில்தான் இருக்கிறது.

ஆனால் ஒருவகைச் சாட்சி வரும்போது மட்டும் நான் தரையைப் பார்ப்பேன். "பஸ் கவிழ்ந்ததுல முன்னால உக்காந்திருந்த மூணு பேரு அந்த இடத்துலயே போயிட்டாங்க. என்னை மட்டும் கர்த்தர் ஒரு கீறல் இல்லாம காப்பாத்தினாரு." சபை மொத்தமும் அல்லேலூயா சொல்லும். இன்னொருவர் எழுந்து, தெரு முழுக்க வெள்ளம் புகுந்தபோது தன் வீட்டு வாசற்படியோடு தண்ணீர் நின்றதைச் சொல்வார். அதற்கும் அல்லேலூயா. அந்த மூன்று பேரில் ஒருவருடைய அம்மா, அதே ராத்திரி, அதே நேரத்தில், பக்கத்து ஊர்க் கோயிலில் ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்கலாம். தெருவில் வெள்ளம் புகுந்த வீட்டுக்காரர்கள் இதே கோயிலில் நாலு வரிசை தள்ளியே இருக்கலாம்.

உயிர் தப்பியவர் நன்றி சொல்லக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தப்பியவர் நன்றி சொல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். என் சங்கடம் அந்தக் கணக்கில் இருக்கிறது. எனக்குக் கிடைத்ததன் அருமையைக் காட்ட, கிடைக்காத ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. இன்னொருவரின் நஷ்டத்தில் அளந்து பார்த்தால்தான் கடவுளின் கிருபை எனக்குப் புரிகிறது என்றால், நான் செய்கிற ஸ்தோத்திரத்தில் ஏதோ ஒன்று கெட்டுப்போயிருக்கிறது.

நன்றி கெட்டுப்போகும் என்று வேதம் தெரிந்தேதான் சொல்கிறது. லூக்கா 18-ஆம் அதிகாரத்துப் பரிசேயன் தேவாலயத்துக்குப் போய் என்ன செய்தான்? நன்றிதான் சொன்னான். அவன் ஜெபத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். ஒரு விண்ணப்பம்கூட இல்லை. காசு கேட்கவில்லை, சுகம் கேட்கவில்லை, எதிரியை அழிக்கச் சொல்லவில்லை. 'கேட்காதே, துதி' என்று இன்றைக்குக் கன்வென்ஷன் மேடைகளில் சொல்லித்தருகிற ஜெபத்துக்கு அவன் ஜெபம் நூற்றுக்கு நூறு பொருந்தும். வாரம் இரண்டு நாள் உபவாசம், எல்லாவற்றிலும் தசமபாகம். கோளாறு ஒன்றே ஒன்றுதான். தூரத்தில் நின்ற ஆயக்காரன் இல்லாமல் அவனால் அந்த ஜெபத்தைச் சொல்லி முடிக்க முடியவில்லை. 'நான் அவனைப் போல் இல்லை' என்பதுதான் அவன் ஸ்தோத்திரத்தின் சாரம். நாலு சுவிசேஷங்களிலும் இயேசு ஃபெயில் போட்ட நன்றி ஜெபம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். சுனாமி வந்த அந்தக் காலைக்குப் பிறகு பல மாதங்களுக்கு எங்கள் பக்கத்துக் கோயில்களில் ஒரே மாதிரிச் சாட்சிகள் வந்தன. ஆராதனைக்குப் போனவர்கள் தப்பினார்கள், போகாதவர்கள் போய்விட்டார்கள் என்று. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வேளாங்கண்ணியை அந்தக் கணக்குக்குள் எப்படி அடக்குவது? நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேல் இறந்தார்கள். வேளாங்கண்ணிக் கடற்கரையில் இறந்தவர்களில் திருயாத்திரை வந்தவர்கள் ஏராளம். பேராலயத்துக்குள் தண்ணீர் வரவில்லை. கரையில் நின்றவர்களைக் கொண்டுபோய்விட்டது. அவர்களில் எத்தனையோ பேர் நேர்ச்சை செலுத்த வந்தவர்கள், அதாவது நன்றி சொல்ல வந்தவர்கள். அந்தக் கோயிலே ஒரு நன்றிக் கடன்தான் என்பது அந்த ஊர் மரபு. புயலில் மாட்டிக்கொண்ட போர்த்துகீசிய மாலுமிகள் மாதாவின் பிறந்தநாளான செப்டம்பர் 8 அன்று கரைசேர்ந்து, அதற்கு நன்றியாகக் கட்டியது என்று சொல்வார்கள். ஒரு காலத்தில் கடல் உயிரோடு கரைசேர்த்த அதே இடத்தில் இன்னொரு நாள் கடல் வந்து அள்ளிக்கொண்டு போயிருக்கிறது. 'நான் நல்லவன், அதனால் தப்பினேன். அவர்கள் இன்னின்ன செய்யவில்லை, அதனால் போனார்கள்' என்கிற கணக்கு அந்த மணலில் நிற்கவே நிற்காது.

அப்படியானால் தப்பியவர் என்னதான் சொல்வது?

எங்கள் ஊரில் ஒரு அண்ணாச்சி இருக்கிறார். அவரும் ஒரு விபத்தில் பிழைத்தவர். வருஷா வருஷம் மைக் அவர் கைக்கு வரும். "உசுரோட இருக்கேன். எதுக்குன்னு எனக்குத் தெரியல. ஸ்தோத்திரம்." அவ்வளவுதான், உட்கார்ந்துவிடுவார். அன்றைக்கு அவரோடு வந்து இறந்துபோனவரின் பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் யார் கட்டுகிறார்கள் என்பது அவர் வீட்டம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். சாட்சி என்றால் எனக்கு அதுதான். மைக்கில் பாதி, மீதி ரசீதில்.

பத்துக் குஷ்டரோகிகள் கதையை நன்றியைப் பற்றிய பிரசங்கங்களில் தவறாமல் எடுப்பார்கள். சுகமானபின் நன்றி சொல்லத் திரும்பி வராத ஒன்பது பேரைத் திட்டித் தீர்ப்பார்கள். எனக்கு அந்த ஒன்பது பேர்மேல் கொஞ்சம் பரிதாபம் உண்டு. இயேசு அவர்களுக்குச் சொன்னது என்ன? ஆசாரியரிடம் போய்க் காட்டுங்கள் என்றுதானே? அவர்கள் சொன்ன பேச்சைக் கேட்டுப் போனவர்கள். லேவியராகமம் 14-ஐத் திறந்து பார்த்தால் தெரியும், அது சும்மா தலைகாட்டிவிட்டு வருகிற வேலை இல்லை. இரண்டு குருவி, கேதுருக் கட்டை, சிவப்பு நூல், ஈசோப்பு, தலைமுடி முழுக்கச் சிரைப்பது, ஏழு நாள் கூடாரத்துக்கு வெளியே காத்திருப்பது, எட்டாம் நாள் பலி. அதெல்லாம் முடிந்தால்தான் ஊருக்குள் போய் மனைவி பிள்ளைகளோடு இருக்க முடியும். தாலுகா ஆபீசில் ஒரு சர்டிபிகேட்டுக்காக நின்றவர்களுக்கு அந்த அவசரம் புரியும். ஒன்பது பேரும் சட்டப்படி நடந்தார்கள். திரும்பி வந்த சமாரியன் சட்டத்தில் இல்லாத ஒன்றைச் செய்தான். பாதி வழியில் நின்று, தன் உடம்பைப் பார்த்தான், யார் செய்தது என்று யோசித்தான், திரும்பி நடந்தான். சர்டிபிகேட் காத்திருக்கட்டும் என்று விட்டான்.

தினசரி வாழ்க்கையில் நன்றி என்பது எனக்கு இந்தப் பாதி வழி நிற்றல்தான். பெரிய அற்புதம் நடக்கிற அன்றைக்கு யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டாம். எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கிற செவ்வாய்க்கிழமைதான் கஷ்டம். மோட்டார் போட்டால் தண்ணீர் ஏறுகிறது, ஆட்டோ வருகிறது, பிள்ளை ஸ்கூலிலிருந்து திரும்புகிறது. இதில் எங்கே நிற்பது?

யூதர்கள் இதற்கு ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு 100 முறை கடவுளை வாழ்த்த வேண்டும் என்று தல்மூதில் ரபி மெயிர் பெயரில் ஒரு விதி இருக்கிறது. ரொட்டிக்கு ஒன்று, பழத்துக்கு ஒன்று, இடி மின்னலுக்கு ஒன்று. எனக்கு ரொம்பப் பிடித்தது கழிப்பறைக்குப் போய்விட்டு வந்து சொல்கிற ஜெபம். உடம்பில் திறக்க வேண்டியது திறக்கிறது, மூட வேண்டியது மூடுகிறது, இதில் ஒன்று மாறினாலும் நான் நிற்க முடியாது என்கிற பொருளில் வரும். முதல்முறை கேட்டபோது சிரிப்பு வந்தது. வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீர் பிரியாமல் டியூப் போட்டு, அந்தப் பையில் எத்தனை மில்லி இறங்கியிருக்கிறது என்று இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

நம்மிடமும் 'ஆயிரம் ஸ்தோத்திரம்' என்று சின்னப் புத்தகங்கள் உண்டு. அம்மாமார் பலர் அதிகாலையில் எழுந்து மூச்சுவிடாமல் சொல்லி முடிப்பார்கள். அதைக் கிண்டல் செய்கிற இளவட்டங்கள் கட்சியில் நான் சேர மாட்டேன். வாய் ஒரு பக்கம் ஓட, மனம் மெதுவாகப் பின்னால் வந்து சேர்வது ஜெபத்தில் நடக்கிற காரியம்தான். ஒரே ஒரு குறை. அந்த ஆயிரமும் அச்சில் ஏற்கெனவே இருக்கிறது. ஆயிரத்தொன்றாவது, அன்றைக்கு நமக்கு நடந்தது, அந்தப் புத்தகத்தில் இருக்காது. அதை நாமே சொல்லிக்கொள்ள வேண்டும்.

சங்கீதம் 136-ஐ எழுதியவருக்கு இது தெரிந்திருக்கிறது. 26 வசனம், 26 தடவையும் ஒரே பல்லவி. ஆனால் பல்லவிக்கு முன்னால் வருகிற பாதி ஒவ்வொரு முறையும் மாறுகிறது. வானம், சூரியன், செங்கடல், சீகோன் ராஜா, ஓக் ராஜா என்று பெயர் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் உயிருள்ள எல்லாவற்றுக்கும் கிடைக்கிற ஆகாரத்தில் முடிக்கிறார். குறிப்பாகச் சொல்லுங்கள் என்று எல்லா ஜெபப் புத்தகங்களும் சொல்லும். இந்தச் சங்கீதக்காரர் செய்தே காட்டிவிட்டார்.

இதில் பிள்ளைகள் நம்மைவிடக் கெட்டி. குடும்ப ஜெபத்தில் சின்னவர்களை ஜெபிக்கச் சொன்னால் கேட்டிருப்பீர்கள். "இயேசப்பா, இன்னைக்கு பரோட்டா குடுத்ததுக்கு ஸ்தோத்திரம். மிஸ் லீவு போட்டதுக்கு ஸ்தோத்திரம். மாடியில பூனை குட்டி போட்டதுக்கு ஸ்தோத்திரம்." பெரியவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். பிறகு நம் முறை வரும்போது "இந்நாள்வரை எங்களைக் காத்து வழிநடத்தின தேவரீருடைய அளவற்ற கிருபைகளுக்காக" என்று நீட்டிவிட்டு எழுந்துவிடுவோம். பூனை எத்தனை குட்டி போட்டது என்று கடவுளுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் குட்டியைப் பார்த்தவர் யார் என்பது அந்த ஜெபத்தில் தெரிந்துவிடுகிறது.

குறிப்பாகச் சொல்ல ஆரம்பித்தால் இன்னொரு சிக்கல் வரும். மனிதர்களின் பெயர் உள்ளே வந்துவிடும். கிறிஸ்தவ வீடுகளில் நமக்கு ஒரு சாமர்த்தியமான பழக்கம் இருக்கிறது. எல்லாவற்றையும் 'கர்த்தர் செய்தார்' என்று மேலே அனுப்பிவிடுவது. மேலே அனுப்பிவிட்டால் கீழே யாருக்கும் கடன் இல்லை. வீட்டு ஜெபக் கூட்டம் முடிந்து சாப்பாட்டுக்கு ஜெபிக்கும்போது, சமைத்த கரங்களை ஆசீர்வதியும் என்று ஐயர் உருக்கமாகச் சொல்வார். எல்லாரும் ஆமென் போடுவார்கள். சாப்பிட்டு முடித்து, பிரம்பு நாற்காலியில் சாய்ந்து, அடுத்த கூட்டம் யார் வீட்டில் என்று பேசுவார்கள். ஆசீர்வதிக்கப்பட்ட கரங்கள் உள்ளே அண்டா கழுவிக்கொண்டிருக்கும்.

பவுலிடம் இந்தச் சாமர்த்தியம் கிடையாது. பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தை நாம் சந்தோஷத்தின் நிருபம் என்போம். அடிப்படையில் அது பணம் வந்துசேர்ந்தது என்று சொல்லி எழுதிய நன்றிக் கடிதம். காவலில் இருக்கிறார். எப்பாப்பிரோதீத்து கையில் பிலிப்பி சபை கொடுத்தனுப்பியது கிடைத்துவிட்டது. நாலாம் அதிகாரத்தில் அதை அக்கவுன்ட் எழுதுகிற மாதிரியே எழுதுகிறார். தெசலோனிக்கேயில் இருந்தபோதும் ஒரு தடவைக்கு மேல் அனுப்பினீர்களே என்று பழைய வரவையும் மறக்காமல் சேர்க்கிறார். கொண்டுவந்தவர் நோயில் விழுந்து சாகக் கிடந்ததையும் சொல்லி, அவரை மரியாதையாக வரவேற்கச் சொல்கிறார். ரோமர் 16 முழுக்கப் பெயர்கள்தான். பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா இருவரும் தனக்காகக் கழுத்தைக் கொடுத்தவர்கள் என்கிறார். ஒருவருடைய அம்மாவைத் தனக்கும் அம்மா என்கிறார். எங்கேயோ ஒரு வீட்டில் சாப்பாடு போட்டிருப்பார்கள். பவுல் அதைப் பரலோகத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிட்டுப் போகவில்லை.

வாயால் சொல்கிற நன்றி போக, கையால் செய்கிற நன்றி ஒன்றும் நம்மிடம் உண்டு, பிடி அரிசி. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: உலையில் போட அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு கலயத்தில் போடுவார்கள். ஒவ்வொரு முறை சோறு வடிக்கும்போதும். கலயம் நிறைந்ததும் அது கோயிலுக்குப் போகும், அங்கிருந்து ஊழியத்துக்கோ இல்லாதவர்களுக்கோ போகும். மிசோரமில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்களிடம் இதே வழக்கம் 'பூஃபாய் தாம்' என்ற பெயரில் நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கிறது.

எங்கள் ஆச்சி அந்தப் பிடியை எடுக்கும்போது உதடு அசையும். என்ன சொல்கிறாள் என்று ஒருநாள் கேட்டேன். "என்னத்தச் சொல்ல? இன்னைக்கும் அளக்கதுக்கு அரிசி இருக்கேன்னு சொன்னேன். நீ போயி அடுப்பப் பாரு ஏட்டி" என்றாள். அந்தப் பிடி மிச்சத்திலிருந்து வருவதில்லை என்பதைக் கவனியுங்கள். சாப்பிட்டு, வயிறு நிறைந்து, மிஞ்சியதைக் கொடுக்கிற வழக்கம் இல்லை இது. இன்னும் யார் வயிறும் நிறையவில்லை. சோறு பத்துமோ பத்தாதோ என்கிற நிலையில் இருக்கும்போதே ஒரு பிடி குறைகிறது. ஐந்து அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அது பெருகுவதற்கு முன்னால், ஐயாயிரம் பேர் பசியோடு பார்த்துக்கொண்டிருக்கும்போது இயேசு ஸ்தோத்திரம் பண்ணினார் என்று யோவான் எழுதியிருக்கிறார். ஆச்சி யோவானை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஆனால் விஷயம் கைக்குத் தெரிந்திருந்தது.

இன்றைக்கு ஃபிளாட்டில் இருபத்தைந்து கிலோ மூட்டை லிஃப்டில் ஏறி வருகிறது. பிடி எடுப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். கோயில் வாசலில் க்யூஆர் கோடு ஒட்டியிருக்கிறார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை, நானும் அதில்தான் போடுகிறேன். ஆனால் போனில் ஒரு சத்தம் வந்து முடிந்துவிடுகிறது. கை ஒருநாளும் குறைவை உணர்வதில்லை.

காணிக்கைக் கவர் பற்றி நிறையப் பேசலாம், பேசினால் சண்டை வரும். பிறந்தநாள், கல்யாண நாள், புது வண்டி, வேலை உயர்வு எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திர காணிக்கை கவரில் வரும். பெயரை வாசிப்பார்கள். சில இடங்களில் தொகையையும் வாசிப்பார்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு எலுமிச்சம்பழத்துக்கு இரண்டு பேர் போட்டி போட்டு விலையை ஏற்றுவதைப் பார்க்கிற சந்தோஷத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், அது வேறு விளையாட்டு. ஆனால் கவரில் தொகை வாசிக்கிற வழக்கத்தை நிறுத்தினால் நல்லது என்பது என் கட்சி. ஆமோஸ் தீர்க்கதரிசி நாலாம் அதிகாரத்தில் ஸ்தோத்திரபலியைக் கொண்டுவந்து, உற்சாகபலியை ஊரறியக் கூறுங்கள், அதுதானே உங்களுக்குப் பிரியம் என்று இஸ்ரவேலரைக் குத்திக்காட்டுகிறார். அதற்கு நாலு வசனம் முன்னால் என்ன வருகிறது என்றும் பாருங்கள். தரித்திரரை ஒடுக்குகிறவர்களைப் பற்றிய பேச்சு. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது தற்செயல் இல்லை.

லேவியராகமத்தை யாரும் ஆசையாக வாசிப்பதில்லை. ஜனவரியில் ஆதியாகமத்தில் தொடங்குகிறவர்கள் பலர் அங்கேதான் மூச்சு வாங்குவார்கள். ஆனால் நன்றியைப் பற்றி வேதத்தில் எனக்குத் தெரிந்த மிக நல்ல பாடம் அங்கே ஏழாம் அதிகாரத்தில் இருக்கிறது. ஸ்தோத்திரத்துக்காகச் செலுத்துகிற சமாதானபலியின் சட்டம். மிருகத்தோடு எண்ணெய் பிசைந்த அதிரசம், அடை, புளித்த அப்பம் எல்லாம் கொண்டுவர வேண்டும். கொழுப்பு பலிபீடத்துக்கு. ஆசாரியனுக்கு ஒரு பங்கு. மீதி இறைச்சி கொண்டுவந்தவருக்கே. ஆனால் ஒரு நிபந்தனை: அன்றைக்கே சாப்பிட்டு முடித்துவிட வேண்டும், விடியும்வரை எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. பொருத்தனைக்கான பலியென்றால் மறுநாளும் சாப்பிடலாம். நன்றிக்கு மட்டும் ஒரே நாள்.

ஒரு ஆட்டையோ மாட்டையோ, அத்தனை அப்பத்தோடு, ஒரு குடும்பம் ஒரே நாளில் எப்படிச் சாப்பிட்டு முடிக்கும்? முடியாது. ஆட்களைக் கூப்பிட்டே ஆக வேண்டும். அதற்காகத்தான் இந்தச் சட்டம் என்று யூத உரையாசிரியர்கள் சிலரும் சொல்கிறார்கள். கூப்பிட்டால் வந்தவர்கள் கேட்பார்கள், என்ன விசேஷம் என்று. அப்போது சொல்லலாம் என்ன நடந்தது என்று. சாட்சியும் சாப்பாடும் ஒரே பந்தியில். சங்கீதம் 22-இலும் இதே வரிசைதான் வருகிறது. கைவிடப்பட்டுக் கதறினவர், பிழைத்தபின் சபை நடுவில் துதிக்கிறார், உடனே அடுத்து எளியவர்கள் சாப்பிட்டுத் திருப்தியாகிறார்கள். நடுவில் ஒரு இடைவெளிகூட இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர் அசனம்தான் ஞாபகம் வந்தது. பிரதிஷ்டைப் பண்டிகையோ அறுப்பின் பண்டிகையோ, முடிந்ததும் கோயில் மைதானத்தில் அண்டா அண்டாவாகச் சோறு பொங்கி, கறிக்குழம்பு காய்ச்சி, ஊர் முழுக்க உட்கார்ந்து சாப்பிடுவது. அரிசி ஒரு வீடு, ஆடு ஒரு வீடு, விறகு ஒரு வீடு, காய் நறுக்க எல்லா வீடும். கத்தோலிக்க ஊர்களில் அந்தோனியார் பேரில் நடக்கும். பக்கத்துத் தெரு இந்துக்களும் வருவார்கள், தூக்குவாளியோடு வந்து வீட்டுக்கும் வாங்கிப் போவார்கள். யார் என்ன கொடுத்தார்கள் என்று குழம்பில் தெரியாது. என்ன வரங்களுக்காக யார் நேர்ந்துகொண்டார்கள் என்றும் தெரியாது. பந்தியில் எல்லார் இலையிலும் ஒரே குழம்பு. கோயிலுக்குள் நடந்த ஒன்றரை மணி நேர ஸ்தோத்திர ஆராதனையைவிட மோசே இதைத்தான் சட்டென்று அடையாளம் கண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றும். (ஃப்ரிட்ஜ் வந்த பிறகு அசனக் குழம்பை நாலு நாள் வைத்துச் சூடு பண்ணிச் சாப்பிடுகிறவர்கள் லேவியராகமத்துக்கு என்ன பதில் சொல்வார்கள் என்று தெரியவில்லை. நானும் அந்தக் குழம்பின் ரசிகைதான்.)

அசனத்திலும் பழைய காலத்தில் பந்தியில் பிரிவினை நடந்த ஊர்கள் உண்டு. யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்று சாதி முடிவுசெய்த கதைகளைப் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் சொல்வார்கள். அதை மூடி மறைத்துவிட்டு அசனத்தைக் கொண்டாட எனக்கு மனமில்லை. ஒரு ஸ்தோத்திரம் யார் இலைக்குப் போகாமல் நிற்கிறது என்று பார்த்தாலே அந்தச் சபையைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

கடைசியாக, நன்றி சொல்ல முடியாத நாட்கள். இதைப் பற்றிப் பேசாமல் விட்டால் மேலே எழுதியது எல்லாம் சௌகரியமானவர்களின் பேச்சாகிவிடும்.

இழவு வீட்டில் போய், எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம் சொல்லுங்கள் என்று உபதேசம் செய்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. இளவயதில் கணவனைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கிற பெண்ணிடம், "இதுலயும் ஒரு நன்மை இருக்கும், துதி பண்ணும்மா" என்று ஒருவர் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அந்தப் பெண் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. லாசருவின் கல்லறையில் இயேசுவும் பிதாவுக்கு நன்றி சொன்னார், உண்மைதான். ஆனால் யோவான் 11-ஐ வரிசையாக வாசியுங்கள். மார்த்தாளோடு நின்று பேசினார், மரியாள் அழுவதைப் பார்த்துக் கலங்கினார், தானும் அழுதார். நன்றி அதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது. ஆபகூக் தீர்க்கதரிசியின் கடைசி அதிகாரத்தையும் சுவரில் மாட்டி வைக்கிறோம். அவரும் களிகூருவேன் என்று சொல்வதற்கு முன்னால் எது எது இல்லை என்று ஒவ்வொன்றாக எண்ணுகிறார். அத்தி, திராட்சை, ஒலிவம், வயல், ஆடு, மாடு. ஒன்றையும் மறைக்கவில்லை, ஒன்றையும் நல்லதுக்கே என்று சொல்லிப் பூசவில்லை. 88-ஆம் சங்கீதமோ இருளிலேயே முடிந்துவிடுகிறது. அதையும் வேதத்துக்குள்தான் வைத்திருக்கிறார்கள்.

மார்ட்டின் ரிங்கார்ட் என்று ஒரு ஜெர்மானிய ஐயர். முப்பதாண்டுப் போரின்போது எய்லன்பர்க் என்ற மதில் சூழ்ந்த ஊரில் இருந்தார். 1637-இல் அங்கே கொள்ளைநோய். 4,000-க்கும் மேற்பட்டவர்களை அவரே அடக்கம் செய்தார், அதில் அவர் மனைவியும் ஒருவர். கடவுளுக்கு நன்றி சொல்லி அவர் எழுதிய பாட்டை இன்று உலகம் முழுக்கச் சபைகளில் பாடுகிறார்கள். அது முதலில் சாப்பாட்டு வேளையில் அவர் பிள்ளைகள் பாடுவதற்காக எழுதியது என்பார்கள். அவர் கதையை இழவு வீட்டில் தடியாக எடுத்து வீசாமல் இருந்தால் போதும். அவரே அந்தப் பாட்டைத் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குத்தான் எழுதினார், அடுத்தவர் வீட்டுத் துக்கத்துக்கு எழுதவில்லை. சோகத்தில் இருப்பவர் தானாக வாய் திறந்து ஸ்தோத்திரம் என்றால் கூடவே ஆமென் சொல்லுங்கள். அதுவரை சாப்பாடு கொண்டுபோய்க் கொடுங்கள்.

எழுத ஆரம்பித்தால் நிற்காது. ஒரு வேண்டுகோளோடு விடுகிறேன். உங்கள் கோயிலில் ஒரு கோவில்பிள்ளை இருப்பார். முதல் மணி, இரண்டாம் மணி அடிப்பவர், நாம் உட்காரும் பாயை உதறிப் போடுபவர், அசனத்தன்று கடைசிப் பந்தியில் சாப்பிடுபவர். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவரிடம் போய்ப் பெயர் சொல்லி நன்றி சொல்லுங்கள். அப்படியே, மாதம் என்ன சம்பளம் கொடுக்கிறார்கள் என்றும் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் தொகையைக் கேட்ட பிறகு, கமிட்டியில் இருக்கிறவர்கள் அடுத்த கூட்டத்தில் அதை எடுத்துப் பேசுங்கள். கமிட்டியில் இல்லாதவர்கள், இருக்கிறவர்களை விடாதீர்கள்.